அம்மாவுக்கு ஒண்ணு

தட்டு சுத்தமாக வந்தது.

மரியசுந்தரம் கயிற்றைப் பிடித்தபடியே படியில் நின்றான். காலையில் தீனி வைத்துக் குளத்துக்குள் இறக்கிய அலுமினியத் தாம்பாளம், இரண்டு மணி நேரம் கழித்து மேலே வரும்போது எப்படி இருக்கும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். மீன் தின்ற தட்டு அசிங்கமாக இருக்கும். கரைந்த தவிடு ஒரு பக்கம் ஒட்டியிருக்கும், வழவழவென்று கோழை படிந்திருக்கும், பாதி தின்ற உருண்டை ஒன்றிரண்டு ஊறிப்போய்க் கிடக்கும், அதன்மேல் நத்தை ஏறியிருக்கும். இதுவோ யாரோ வழித்துத் தின்றுவிட்டுக் கழுவாமல் வைத்த தட்டாக இருந்தது. விளிம்பில் மட்டும் எள்ளுப் புண்ணாக்கின் கறுப்புச் சாந்து கொஞ்சம் மிச்சம். அந்தச் சாந்தில் பக்கத்துப் பக்கத்தில் மூன்று கோடு. அவன் தன் மூன்று விரல்களை அவற்றின்மேல் வைத்துப் பார்த்தான். அவன் விரல் கொஞ்சம் தடிமன், மற்றபடி பொருந்தியது.

"ஆமையாத்தான் இருக்கும்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டான். ஆமை வழித்தா தின்னும் என்று மனசு உடனே கேட்டது. மனசுக்கென்ன, அது எதையாவது கேட்டுக்கொண்டேதான் இருக்கும். தட்டைக் கரையில் கவிழ்த்துவிட்டு வீட்டுக்கு நடந்தான்.

வில்லியனூரிலிருந்து அபிஷேகப்பாக்கம் போகிற பக்கம், நெல்லுக்கும் கரும்புக்கும் நடுவில் இருந்தது அந்தக் குளம். அரைக்காணி இருக்கும். வருஷக்கணக்கில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்ததை அவன் குத்தகைக்கு எடுத்து, இறங்கிச் சுத்தம் செய்து, கட்லா, ரோகு மீன்குஞ்சு விட்டிருந்தான். கரைமேலேயே ஓர் ஓட்டு வீடு. அதில் அவனும் ஏழு வயது மகள் ரோசியும் மட்டும். மனைவி கிரேஸ் மேரி போன வருஷம் மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். சொந்த ஊரில் மாதா கோயில் கல்லறையில் அவளைப் புதைத்துவிட்டு, அந்த வீட்டில் இருக்கப் பிடிக்காமல்தான் இங்கே குடி வந்தான். ஒன்றரை மைல் தள்ளி வந்தும் கோயில் மணி மட்டும் விடவில்லை. விடிகாலையிலும் அந்தியிலும் வயல்மேலாக வந்து காதில் விழும். அந்த மணிக்குத்தான் மீனுக்குத் தீனி வைப்பான்.

கிரேஸுக்குக் கடைசியில் பத்தியம். மோர்த் தண்ணியைத் தவிர எதுவும் கொடுக்கக் கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். மூன்றாம் நாள் ராத்திரி அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு வாய் சோறு குடுங்களேன்" என்றாள். ஒரு வாய். அவன் கொடுக்கவில்லை. நல்லதுக்குத்தான் கொடுக்கவில்லை. விடிவதற்குள் போய்விட்டாள். கொடுத்திருக்கலாம், பாவி, ஒரு வாய் கொடுத்திருக்கலாம் என்று அவன் தன்னைத் திட்டிக்கொள்ளாத நாள் இல்லை.

அம்மா போனபிறகு ரோசி தானாகச் சாப்பிடவில்லை. அவன் பிசைந்து உருட்டித் தந்தால்தான் உண்டு. அதற்கும் ஒரு பாட்டு வேண்டும். "அம்மாவுக்கு ஒண்ணு, அப்பாவுக்கு ஒண்ணு, ரோசிக்கு ஒண்ணு" என்று மூன்று மூன்றாகச் சொல்லி ஊட்டினால், மூன்றையும் அவளே விழுங்குவாள். இதற்கும் கெடுதல் வந்தது மீனால்தான். அப்போதெல்லாம் மீன் தீனியில் கருவாட்டுத் தூள் கலப்பான். அந்த நாற்றம் கையை விட்டுப் போகாது. சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் போகாது. அவன் கையைக் கண்டாலே பெண் ஓங்கரித்தாள்.

மீன்வளத்துறை ஆபீசர் சாமிநாதன்தான் வழி சொன்னார். ராஜ்தூத் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, கரையில் நின்றபடியே சொன்னார். "கெண்டை ஜாதிக்குக் கருவாட்டுத் தூள் எதுக்குய்யா? புண்ணாக்குலயே வேணுங்கற புரதம் இருக்குது. எள்ளுப் புண்ணாக்கு, தவிடு, ஒட்டறதுக்கு நொய்க் கஞ்சி. உருண்டை புடிச்சித் தட்டுல வெச்சி எறக்கு. மீனுக்கு மீனையே அரைச்சிப் போடற வேலைய இத்தோட வுடு."

திருவாண்டார்கோயில் பக்கத்துச் செக்கிலிருந்து கறுப்பு எள்ளுப் புண்ணாக்கு ஒரு சாக்கு வந்தது. நாற்றம் போயே போய்விட்டது. கையில் எள் வாசம்தான் வீசியது, பலகாரம் சுட்ட வீட்டு வாசம். ரோசி மறுபடி அவன் கையில் சாப்பிட்டாள். அந்தச் சந்தோஷத்தில், மீனுக்கு உருண்டை வைக்கும்போதும் அவன் வாயில் அதே பாட்டு வந்துவிட்டது. விடிகாலை மணி அடிக்கும். அவன் கடைசிப் படியில் குந்தி, தெற்கே தண்ணீரைப் பார்த்து, தட்டில் ஒவ்வொன்றாக வைப்பான். அம்மாவுக்கு ஒண்ணு. அப்பாவுக்கு ஒண்ணு. ரோசிக்கு ஒண்ணு. அந்தக் குளத்துக்கு இருந்ததே அந்த ஒரு படித்துறைதான். வடகரையில். இறங்கினால் தெற்கு முகமாகத்தான் இறங்க வேண்டும்.

அப்படி ஆரம்பித்து, தட்டு முதல்முறை சுத்தமாக வந்த அன்றைக்கு இருபதாவது நாள். நவம்பர் மாசம். மழை விட்டும் விடாமலும் இருந்தது.

மறுநாளும் தட்டு சுத்தமாக வந்தது. அதற்கு மறுநாளும்.

வாரக் கடைசியில் சாமிநாதன் வந்து வலை போடச் சொன்னார். மரியசுந்தரம் வலையில் விழுந்த மீனை எடுத்துப் பார்த்தான். தலை பெருத்து, உடம்பு சிறுத்து, முதுகு கத்தியாக இருந்தது ஒவ்வொன்றும். பட்டினி கிடந்த மீன் அப்படித்தான் இருக்கும், யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"தீனி வெக்கறியா, நீயே துன்னுடறியா?" என்று ஆபீசர் சிரித்தார்.

"ரெண்டு வேள வெக்கறேன் சார். தட்டுல ஒரு பொட்டு மிச்சம் இல்ல."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு மூன்று மீனைக் கரையிலேயே பிளேடால் கீறினார். குடலை விரலால் பிதுக்கினார். பச்சைப் பாசி வந்தது. சேறு வந்தது. வேறு எதுவும் இல்லை. "எள்ளுத் தோல் அவ்ளோ சீக்கிரம் செரிக்காது. துன்னுருந்தா கறுப்பா தெரியணும்" என்று அவர் குடலைக் கீழே போட்டார். "உன் மீன் இந்தத் தீனியை வாய்ல வெக்கவே இல்ல. வேற எதுவோ துன்னுது. கண்ணி வெச்சிப் பாரு."

வேற எதுவோ. வண்டிச் சத்தம் அடங்கின பிறகும் அந்த வார்த்தை கரையிலேயே நின்றது. தூரத்துக் கரும்பில் காற்று ஓடியது. குளத்தில் சுழிப்பு இல்லை, துள்ளல் இல்லை. படித்துறைக்கு எதிரில் தண்ணீர் எண்ணெய் விட்டாற்போல் அசையாமல் கிடந்தது. அவனுக்கு அங்கே நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. கரையை மூன்று சுற்றுச் சுற்றினான்.

அன்று விளக்கு வைத்ததும் சோறு பிசைந்து ரோசியைக் கூப்பிட்டான். அவள் பாயில் உட்கார்ந்து சிலேட்டில் எதையோ கிறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு வேணாம்பா. துன்னுட்டேன்."

"எங்கடி துன்ன? சோறே இப்பதான் எறக்கனேன்."

அவள் தோளைக் குலுக்கினாள். அவன் கிட்டே போய் முகவாயைப் பிடித்தான். வாயில் எள் வாசம். கையைப் பிரித்துப் பார்த்தான். விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது, வெகுநேரம் தண்ணீரில் ஊறின விரல். புண்ணாக்குச் சாக்கில் கையை வைத்துவிட்டாள் என்று நினைத்துப் போய்ப் பார்த்தான். சாக்கின் வாய் அவன் போட்ட முடிச்சோடு அப்படியே இருந்தது. சின்னப் பிள்ளையால் அவிழ்க்கக் கூடிய முடிச்சு இல்லை அது.

"எத்தினி நாளா இப்டி?" என்றான். கேட்ட பிறகுதான் அவனுக்கே உறைத்தது. நேற்றும் அவள் வேண்டாம் என்றாள். முந்தாநாளும். கூட்டாளி வீட்டில் தின்றிருப்பாள், மழைக்கு மந்தமாக இருக்கும் என்று ஏதோ ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு சோற்றை எடுத்து வாசலில் கிடக்கும் நாய்க்குப் போட்டிருந்தான். தன் சோற்றையும் சேர்த்துத்தான். மீன் கவலையில் தனக்கும் பசிக்கவில்லை என்று நினைத்திருந்தான்.

அடுத்த நாள் அந்தி மணிக்கு அவன் தட்டை இறக்கிவிட்டுப் போகவில்லை. கயிற்றின் நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு படியிலேயே உட்கார்ந்தான். இது என்னவென்று பார்த்துவிட வேண்டும்.

மழை மேகத்தின் கீழே வெளிச்சம் மஞ்சளாக வடிந்துகொண்டிருந்தது, ஈரமண்ணும் அழுகின தாமரைத் தண்டும் எள்ளும் கலந்த வாசம் தண்ணீரிலிருந்து எழுந்து வந்தது, தவளைகள் ஒரு கரையில் தொடங்கி மறுகரைக்குப் போய்ப் படித்துறைப் பக்கம் வந்ததும் நின்றுவிட்டன. தென்கோடி மூலையில் மீன்கள் கூட்டமாக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. இரவெல்லாம் புழுங்கிய குளத்தில் விடிகாலை மீன் காற்றுக்கு அப்படி வரும். அந்தியில் வராது. அத்தனை மீனும் அந்த மூலையில்தான். படித்துறையை நோக்கி ஒன்றுகூட வரவில்லை. நடுவில் ஒரு கோடு போட்ட மாதிரி நின்றுகொண்டு, வாயைத் திறந்து இந்தப் பக்கமே பார்த்தன.

கயிறு அசைந்தது.

மீன் இடித்தால் கயிறு உதறும். ஆமை இழுத்தால் வெடுக்கென்று போகும். இது மெதுவாக இழுத்தது. பந்தியில் உட்கார்ந்தவர் இலையைத் தன் பக்கம் நகர்த்திக்கொள்வதைப் போல, அவ்வளவுதான். நின்றது. கொஞ்சம் தள்ளி இன்னொரு முறை. நின்றது. அப்புறம் மூன்றாவது, எல்லாவற்றிலும் சின்னதாக.

கயிற்றை இழுத்தான். தட்டு சுத்தமாக இருந்தது. வைத்து ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

திரும்பி வீட்டுக்கு ஓடினான். ரோசி வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒன்றும் இல்லை, கையில் ஒன்றும் இல்லை. வலது கை விரல்களை ஒவ்வொன்றாக நக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கி ருசியா இருந்துச்சுப்பா" என்றாள்.

விடிகாலை மணிக்கு அவன் படியில் இறங்கவில்லை. பகலில், வெயில் வந்த பிறகு, வீட்டின் பின்புறத்தில் உட்கார்ந்து உருண்டை பிடித்தான். வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று நினைப்பு. குளத்துக் கரையில் புல் அறுக்க வரும் தையலம்மாள் அப்போதுதான் புல்லுக்கட்டைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கமாக வந்தாள். ஐம்பது வயசு, வாய் ஓயாதவள். வெறுந்தலையோடு வந்தாலும் ஊர்வம்பு ஒரு சுமை கொண்டுவருவாள்.

"இன்னாபா மரியசுந்தரம், நீயும் பொண்ணும் நாராப் போயிட்டீங்க, உன் நாய் மட்டும் இப்டிக் கொழுத்துப்போய் கெடக்குது?" என்று கேட்டுக்கொண்டே வந்தவள், முறத்தைப் பார்த்ததும் நின்றாள். முறத்தில் நொய்யும் எள்ளுமாகக் கறுத்த உருண்டைகள், மூன்று மூன்றாக.

"இது இன்னாத்துக்கு?"

"மீனுக்குத்தாங்க்கா. ஆபீசரு சொன்ன புதுத் தீனி."

"எங்க வெக்கற?"

"படித்துறைல. காலைல ஒருவாட்டி, சாய்ங்காலம் ஒருவாட்டி."

புல்லுக்கட்டு அவள் தலையிலிருந்து நழுவி விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை. "அடப்பாவி மனுசா. அது கருமாதித் துறைடா. எங்க மாமனாருக்கே அங்கதான் காரியம் பண்ணாங்க. அப்பறம் எல்லாரும் திருக்காஞ்சி ஆத்துக்குப் போவ ஆரமிச்சி, தாமரை மூடிடுச்சி. எள்ளும் சோறும் உருட்டி, மூணு மூணா, தெக்கப் பாத்து... இதுக்குப் பேரு தீனியா? பிண்டம்டா இது! பிண்டம் வெச்சிட்டு வந்திருக்கற நீ, தெனைக்கும் ரெண்டு வேள!"

"எங்களுக்கு அதெல்லாம் இல்லக்கா. நாங்க பூசதான் வெப்போம், கல்லறைல மெழுகுவத்தி..."

"உனக்கு இல்லன்னா தண்ணிக்குத் தெரியுமா?" அவள் குரல் தணிந்துவிட்டது. அதுதான் அவனை இன்னும் பயமுறுத்தியது. தையலம்மாள் மெல்லப் பேசி அவன் கேட்டதே இல்லை. "சரி, போவட்டும். வெறும் உருண்டைய வெச்சா மீன் துன்னுட்டுப் போயிடும். பேரு சொல்லி வெச்சாதான் ஆளு வந்து துன்னும். நீ பேரு எதுவும் சொல்லலியே?"

அவன் வாயைத் திறந்தான். மூடினான்.

"சொன்னியா?"

"ரோசிக்கு ஊட்டற பாட்டுக்கா. அம்மாவுக்கு ஒண்ணு..."

"எந்த அம்மாவுக்கு?"

"கிரேஸ் மேரிக்கு."

"அப்பறம்?"

அவன் பின்வாசலைத் திரும்பிப் பார்த்தான். அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் கண்ணும் அந்தப் பக்கம் போயிற்று. ரோசி அங்கே சுவரோடு சாய்ந்து நின்று இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உசுரோட இருக்கற புள்ள பேரையா?" என்றாள் தையலம்மாள். கிசுகிசுப்பாகத்தான் சொன்னாள். "நிறுத்திடு. இன்னிக்கே நிறுத்திடு." புல்லுக்கட்டையும் அரிவாளையும் அப்படியே போட்டுவிட்டு நடந்தாள். காரியம் முடித்துவிட்டுப் போகிறவர்களைப் போல ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அவன் முறத்தில் இருந்ததை எல்லாம் குழி தோண்டிப் புதைத்தான். மண்ணைத் தள்ளும்போது வெட்கமாக ஒரு நினைப்பு வந்தது. அப்படியானால் கிரேஸ் தின்றாளா? இத்தனை நாளாக, இரண்டு வேளையும், பத்தியம் இல்லாமல் தின்றாளா? ஒரு நொடி அவனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்த ஒரு நொடிக்காகப் பிறகு அவன் தன்னை மன்னிக்கவே இல்லை.

அந்தியில் பழைய கருவாட்டுத் தூளையே வாரி இறைத்தான். மீன்கள் அந்த நடுக்கோட்டைத் தாண்டி வந்தன. படித்துறை முழுக்கத் தண்ணீர் கொதித்தது. தப்பித்தோம் என்று நினைத்தான்.

ரோசி அன்று ராத்திரி பசிக்குது என்றாள். அவனுக்கு உயிர் வந்தது. கையை மூன்று தரம் கழுவி, நெய் ஊற்றிப் பிசைந்து ஊட்டினான். பாட்டு பாடவில்லை. அவள் வாங்கினாள், மென்றாள், முகம் கோணியது. பாயிலேயே துப்பினாள். மறுபடி ஊட்டினான். மறுபடி துப்பினாள். "மண்ணு மாதிரி இருக்குதுப்பா" என்று அழுதாள். அவன் ஒரு கவளத்தை எடுத்துத் தன் வாயில் போட்டான்.

மண்.

நாக்கில் நரநரவென்று, உப்பும் இல்லாமல் புளிப்பும் இல்லாமல், ஈரமண். அவன் விரல் விட்டு நாள் கணக்குப் பார்த்தான். கடைசியாக எப்போது சாப்பிட்டான்? நேற்று இல்லை. முந்தாநாள் சோறு நாய்க்கு. அதற்கு முன்னால்? பத்து நாளா? இத்தனை நாளும் நடந்திருக்கிறான், வலை இழுத்திருக்கிறான், களைப்பே இல்லை. யாரோ வேளாவேளைக்குச் சோறு போட்ட தெம்புதான் இருந்தது. இப்போது மட்டும் வயிறு காந்தியது.

மறுநாள் பிள்ளையை வில்லியனூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். டாக்டர் கண்ணை விரித்துப் பார்த்து, பூச்சிக்கு மருந்து எழுதினார். மருந்தையும் துப்பினாள். இளநீரைத் துப்பினாள். திரும்பும் வழியில் சொந்த ஊர்க் கோயிலில் இறங்கி, கிரேஸ் கல்லறைமேல் மெழுகுவத்தி ஏற்றி, தலையை முட்டிக்கொண்டு கெஞ்சினான். "வுட்டுடு கிரேசு. புள்ளைய வுட்டுடு. உனக்கு நான் குடுக்காம போனது தப்புதான்." மெழுகுவத்தி நின்று எரிந்தது. கல்லறைக்கு எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை. அவள் அங்கே இருந்தால்தானே கேட்கும் என்று மனசு சொன்னது.

இரண்டாம் நாள் ரோசியால் எழுந்திருக்க முடியவில்லை. கண் குழிந்து, உதடு வெடித்து, கையைப் பிடித்தால் எலும்புதான் கைக்கு வந்தது. பசிக்குதுப்பா. பசிக்குதுப்பா. அது ஒன்றுதான். ஒரு பக்கம் சட்டியில் சோறு. ஒரு பக்கம் பிள்ளை பட்டினி. இதை அவன் இரண்டாம் முறையும் பார்க்க வேண்டுமா?

மூன்றாம் நாள் விடிகாலை மணிச் சத்தத்தில் விழித்தான். பக்கத்தில் பாய் காலியாக இருந்தது.

ஓடினான்.

ரோசி கடைசிப் படியில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்க முடியாத பிள்ளை. மடியில் தன் சின்னத் தட்டு. தண்ணீரைப் பார்த்து, முதுகு நிமிர்த்தி, பந்திக்கு உட்கார்ந்த மாதிரி.

"மணி அடிச்சிடுச்சுப்பா" என்றாள்.

அவன் அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடிச் சாக்கை அறுத்தான். புண்ணாக்கை இடித்தான். பழங்கஞ்சியில் பிசைந்தான். வேறு என்ன செய்வான்? பிள்ளை சாகக் கிடக்கிறாள். தையலம்மாள் சொன்னதை அவன் மறக்கவில்லை. ஆனால் உருட்டும்போதே ஒரு யோசனை வந்தது, பயந்தவனுக்கு வரும் குறுக்கு யோசனை. பேர் சொன்னால்தானே ஆள் வரும். அவள் பேரை மட்டும் விட்டுவிடலாம். தாங்கள் இருவர் மட்டும் தின்று, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, சோற்றுக்குத் திரும்பிவிடலாம்.

முறத்தோடு வந்து படியில் குந்தினான். தட்டில் வைத்தான்.

"அப்பாவுக்கு ஒண்ணு. ரோசிக்கு ஒண்ணு."

இறக்கினான்.

கயிறு அசையவில்லை.

குளம் மொத்தமும் அசையவில்லை. மூலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்தன. மூடவில்லை. மழைத் தூறல்கூட அந்தப் படிக்கு எதிரில் விழாத மாதிரி இருந்தது.

"அம்மாவுக்குப்பா?" என்றாள் ரோசி.

"அம்மா தூங்குறாடி."

"இல்லப்பா. பாக்குறாங்க."

அவள் குனிந்து வலது கையைத் தண்ணீருக்குள் விட்டாள். மணிக்கட்டு வரை. முழங்கை வரை. அவன் பாய்ந்து இடுப்பைப் பிடித்தான். பிடித்து இழுத்தான். பிள்ளை வரவில்லை. இறகு கனம் இல்லாத பிள்ளை. கை மட்டும் நீண்டு, விறைத்து, நேராகக் கீழே இறங்கியிருந்தது. தோள் மூட்டு தெறித்துவிடும் போல் நின்றது. அந்தப் பக்கமும் யாரோ பிடித்திருந்தார்கள். இழுக்கவில்லை. பிடித்திருந்தார்கள், அவ்வளவே.

ரோசி முகத்தைத் திருப்பி அவனைப் பார்த்தாள். அவனை நீ, வா, போ என்றுதான் பேசுவாள் எப்போதும்.

"ஒரு வாய் குடுங்களேன்" என்றாள்.

ஒரு கையால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் முறத்தைத் துழாவினான். உருண்டை. ஒன்று. விழுந்தது. இன்னொன்று.

"அம்மாவுக்கு ஒண்ணு" என்றான். "அம்மாவுக்கு ஒண்ணு. அம்மாவுக்கு ஒண்ணு, கிரேசு, துன்னு, துன்னு தாயி, வுட்டுடு."

தண்ணீரில் போட்டான். அது மூழ்கவில்லை. தண்ணீரை ஒட்டியே நின்றது, கீழிருந்து ஒரு கை ஏந்தின மாதிரி. பிறகு மெதுவாகப் போயிற்று.

கயிறு அசைந்தது. ஒரு முறை. இன்னொரு முறை. சின்னதாக இன்னொரு முறை.

ரோசியின் கை வெளியே வந்தது. மணிக்கட்டைச் சுற்றி ஈரமாய்ச் சிவந்த தடம், நான்கு விரலும் ஒரு கட்டைவிரலும். அவள் அவன் மேல் சாய்ந்து பெருமூச்சு விட்டாள். கன்னத்தில் ரத்தம் ஏறியது. வெடித்த உதட்டில் எள் ஒன்று ஒட்டியிருந்தது. "துன்னுட்டேன்பா" என்று சொல்லிக் கண்ணை மூடினாள். அவன் வயிற்றிலும் காந்தல் அடங்கியது. நிறைந்தது. எவ்வளவு நாளைக்குப் பிறகு நிறைந்தது.

சாக்கில் இரண்டு நாளைக்குத்தான் இருக்கும். நாளைக்கே செக்குக்குப் போக வேண்டும் என்று நினைத்தான். மறக்கக் கூடாது, ஒரு வேளைகூட மறக்கக் கூடாது. தனக்கு ஒன்று ஆகிவிட்டால் இந்தப் பிள்ளைக்கு யார் பேர் சொல்லி வைப்பார்கள் என்று நினைத்தான். அதை நினைத்தபடியே குனிந்து, கயிற்றை அவிழ்க்கப் போனவன், தண்ணீரைப் பார்த்தான்.

விடிந்துவிட்டது. படிக்கு எதிரில் தண்ணீர் தெளிந்து கிடந்தது. அதில் ரோசியின் முகம் தெரிந்தது, அவன் முகம் தெரிந்தது, இரண்டுக்கும் நடுவில் தலைமயிர் பிரிந்து மிதக்க இன்னொரு முகம். மூன்றும் வாயைத் திறந்திருந்தன. விடிகாலை மீனைப் போலத் திறந்து, மூடாமல், மேலே பார்த்துக் காத்திருந்தன.

மரியசுந்தரம் கையைக் கொண்டுபோய்த் தன் வாயைத் தொட்டுப் பார்த்தான். மூடித்தான் இருந்தது. பல்லைக் கடித்து, இறுக மூடியிருந்தது. தண்ணீரில் இருந்தவன் கையைத் தூக்கவில்லை. வாயை இன்னும் அகலமாகத் திறந்தான்.